மூன்றாவது நாற்காலியிலிருந்து தெரிந்தது

அத்தியாயம் 8

"திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"பட்டறையிலதான் சார். நாலு நாளா இதையேதான் சொல்லிட்டிருக்கேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"பலகைதான் பார்த்துச்சு."

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் தச்சர் சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். நகக்கண்களில் மரத்தூள் இன்னும் போகவில்லை. கோபப்படும் கட்டம் இரண்டாம் நாளே முடிந்துவிட்டது. இப்போது கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் ரைட்டர். காவல் நிலையங்களில் எழுத்தராக இருபத்தாறு வருடம் அடுத்தவர்களின் வாக்குமூலத்தை எழுதி எழுதி ஓய்வு பெற்றவர். பிறகு சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம் திறந்தார். தொழில் மாறியும் பெயர் மாறவில்லை. அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. முட்டிகளுக்கு எழுபது இருக்கும்.

அவருக்குப் பின்னால் கதவு நிலையில் சாய்ந்து நின்றவர் அவர் மனைவியின் தம்பி. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பதினோரு வருடம் கற்றுக்கொடுத்தவர். அந்தப் பள்ளியை மூடிய பிறகு அத்தானுக்கு உதவியாளரானார். ரைட்டர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு இப்போது வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள்கூட அவரை 'மச்சான் சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வழக்கு சின்னதுதான். ஏரிக்கரை விடுதியில் தங்கியிருந்த ஒரு டைல்ஸ் விற்பனையாளர் திங்கட்கிழமை மாலை மாடி பால்கனியிலிருந்து கீழே விழுந்து இறந்துபோனார். அவருடைய சட்டையின் வலது கை தோள்பட்டையோடு பிய்ந்திருந்தது. யாரோ மல்லுக்கட்டித் தள்ளியிருக்கிறார்கள் என்றது போலீஸ். அன்று காலையில்தான் விடுதித் தச்சர் அவரிடம் சத்தம் போட்டிருந்தார். புல்வெளி நாற்காலியின் கைப்பலகையில் அவர் சிகரெட்டை வைத்து அணைத்ததற்காக. மாலையில் தச்சர் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே ஓடியதைத் தன் கண்ணால் பார்த்ததாக ஒருவர் சாட்சி சொன்னார். சொன்னவர் இறந்தவரின் மாமனார். சம்பவ நேரத்தில் புல்வெளியில் அதே நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தவர்.

"அந்தப் பெரியவருக்கும் உங்களுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?" என்றார் ரைட்டர்.

"ஒண்ணுமில்ல சார். நல்ல மனுஷன். வந்த அன்னிக்கே நாற்காலியைத் தடவிப் பார்த்து, வேலை சுத்தமா இருக்குன்னார். எழுந்திருக்கத்தான் அவரால முடியல. நானும் சமையல்கார அக்காவும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டோம்."

"அது ஏங்க, உக்காந்தா எழுந்திருக்க முடியாத மாதிரி ஒரு நாற்காலி?" என்றார் மச்சான். "அதுக்குத்தான் லாக்கப் இருக்கே."

தச்சர் சிரிக்கவில்லை. "முதலாளி சொன்னது. அளவு புத்தகத்துல இருந்ததைவிட பின்னால ரெண்டு அங்குலம் இறக்கச் சொன்னார். உக்காந்தவங்க நல்லா சாஞ்சுட்டா எழுந்திருக்க சோம்பல் வருமாம். உக்காந்த இடத்துலயே இன்னொரு டீ சொல்லுவாங்களாம்."

"நல்ல வேளை, உங்க முதலாளி பல் ஆஸ்பத்திரி நடத்தல."

நேரம் முடிந்துவிட்டதாகக் காவலர் சாவிக்கொத்தை ஆட்டினார். வெளியே வந்தபோது இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழாமலே பேசினார்.

"ரைட்டர், நீங்க பழைய ஆள்னு மரியாதைக்காக விட்டேன். நாளைக்குக் காலையில இவரை ஜெயிலுக்கு அனுப்பறேன். சாட்சி யாரு தெரியுமில்ல? ரயில்வேயில கார்டா இருந்தவர். முப்பத்துமூணு வருஷம் வண்டி புறப்பட்ட நேரம், நின்ன நேரம் எல்லாம் கையால எழுதினவர். நாலு மணி பத்து நிமிஷம்னு சொல்றார். அவரை விடவா உங்க பலகை பெரிய சாட்சி?"

ரைட்டர் தலையாட்டிவிட்டு நடந்தார்.

"இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில பாலை வச்சா திரிஞ்சிருக்கும்" என்றார் மச்சான்.

வாசல் கேட் பக்கத்தில் தச்சரின் மனைவி நின்றிருந்தாள். விடுதியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்ப்பவள். ரைட்டரைத் தேடி வந்து இந்த வழக்கைக் கொடுத்தவளும் அவள்தான். கையிலிருந்த பையில் தேய்த்து மடித்த சட்டை ஒன்று இருந்தது. நேற்றும் அதே சட்டையைத்தான் கொண்டுவந்திருந்தாள். உள்ளே வாங்க மறுத்துவிட்டார்கள்.

"சாப்பிட்டாராண்ணா?"

"சாப்பிட்டார்மா" என்றார் ரைட்டர். உண்மையில் தச்சரிடம் அவர் அதைக் கேட்கவே இல்லை.

*

விடுதிக்குப் போகும் ஏற்றத்தில் கார் திணறியது. ரைட்டர்தான் ஓட்டினார். பக்கத்து இருக்கையில் மச்சானின் வலது கால் ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத பிரேக்கை மிதித்தது. பதினோரு வருடப் பழக்கம்.

"மூணு நாளா யாரை விட்டோம் அத்தான்? படகுக்காரர், கேட்காரர், சமையல்கார அக்கா, டாக்சி ஸ்டாண்டு மொத்தமும். பேசிப் பேசி என் வாய் வத்திப்போச்சு."

"உன் வாயா? வத்திப்போச்சா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

ரைட்டருக்குப் பதிலுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பொய் வாக்குமூலங்களை எழுதியிருக்கிறார். எழுதும்போதே பேனாவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் பெரியவரின் வாக்குமூலத்தை மூன்று முறை படித்தும் எங்கேயும் தட்டவில்லை. நேரம் சரி, தூரம் சரி, வார்த்தைகள் அளவு. அதுதான் அவரை அசத்தியது, அலுக்கவும் வைத்தது. நாளைக் காலைக்குள் ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்தச் சட்டைப் பையோடு நிற்பவளிடம் என்ன சொல்வது?

புல்வெளியில் ஏழு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே வார்ப்பு. சாதாரணப் பலகைகளை அறுத்து ஆணியும் திருகும் போட்டு முடுக்கியவை. விசிறிபோல் மேலே விரிந்த உயரமான முதுகு. ஒரு தட்டும் ஒரு கோப்பையும் வைக்கிற அளவுக்கு அகலமான கைப்பலகைகள். பின்னால் சரிந்து பள்ளமாக இறங்கும் இருக்கை. ஆறு நாற்காலிகள் ஏரியைப் பார்த்தன. மூன்றாவது மட்டும் ஏரிக்கு முதுகைக் காட்டி, கட்டடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மாலை வெயில் கண்ணில் குத்துகிறது என்று பெரியவருக்காகத் திருப்பிப் போட்டதாக மேனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார். போலீஸ் அதை அப்படியே விட்டு வைத்திருந்தது.

மச்சான் மூன்றாவது நாற்காலிக்குப் பக்கத்தில் போய் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இங்கிருந்து பக்கவாட்டுக் கதவு நல்லாத் தெரியுது அத்தான். அதுக்கு அங்கிட்டு பட்டறையும் தெரியுது. நேத்தும் தெரிஞ்சது, முந்தாநாளும் தெரிஞ்சது. பெரியவர் சொல்றதுல தப்பில்ல."

"இன்ஸ்பெக்டரும் அங்கதான் நின்னு பார்த்தாரா?"

"இதே இடம்தான். பூட்ஸ் தடம்கூட இருக்கு."

ரைட்டர் தடத்தைக் குனிந்து பார்த்தார். வலது முட்டி கெஞ்ச ஆரம்பித்திருந்தது. துப்பு துலக்குவதற்காக அல்ல, நிற்க முடியாததால், அவர் அந்த மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம். இருக்கை அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. முதுகு தானாகச் சாய்ந்தது. தலை பலகையில் போய் முட்டுக்கொடுத்து நின்றது. ரைட்டர் கண்ணை மூடினார்.

"முட்டி சத்தம் கேட்டுக் குற்றவாளி தானா வந்து சரணடைஞ்சா சொல்லுங்க. நான் டீக்குச் சொல்லிட்டு வரேன்."

ரைட்டர் கண்ணைத் திறந்தார். ஆகாயம் தெரிந்தது. ஓட்டுக் கூரை, மழைநீர் இறங்கும் தகரக் குழாய், மாடி பால்கனி. அவ்வளவுதான்.

"மச்சான், நில்லு. அந்தப் பக்கவாட்டுக் கதவுக்குப் போய்க் கையைக் காட்டு."

மச்சான் முணுமுணுத்தபடி போனார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து குரல் வந்தது. "காட்டிட்டிருக்கேன். தெரியுதா?"

"இல்ல."

"ரெண்டு கையும் காட்டறேன்."

"நீயே தெரியல."

ரைட்டர் கைப்பலகைகளைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். இப்போது மச்சான் தெரிந்தார், கதவு தெரிந்தது. பிடியை விட்டதும் மறுபடி ஆகாயம்.

திரும்பி வந்த மச்சான் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளவில்லை. "குனிஞ்சா தெரியுதில்ல? பெரியவரும் குனிஞ்சிருப்பார்."

"அவர் கழுத்துல என்ன போட்டிருக்கார்?"

மச்சானின் கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது. பெரியவர் கழுத்தில் தாடையை முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்தும் பட்டை ஒன்று எப்போதும் இருந்தது. எலும்புத் தேய்மானம். சாப்பிடும்போது தட்டைத்தான் அவர் முகத்துக்கு உயர்த்துவார்கள்.

ரைட்டர் கையை நீட்ட, மச்சான் காலை ஊன்றி அவரை வெளியே இழுத்தார். பிறகு காரிலிருந்து கனத்த துண்டு ஒன்றை எடுத்துவந்து சுருட்டி மச்சானின் கழுத்தைச் சுற்றித் தாடைக்கு முட்டுக்கொடுத்துக் கட்டினார் ரைட்டர்.

"உக்காரு."

"இதுக்குப் பேர் உதவியாளரா, பொம்மையா?" என்று கேட்டபடியே மச்சான் நாற்காலிக்குள் இறங்கினார்.

"என்ன தெரியுது?"

"சினிமாக் கொட்டகையில முதல் வரிசையில உக்காந்த மாதிரி இருக்கு. நேரா எதிரே அந்த பால்கனி. வேற எதையும் பார்க்க முடியாது. குனிய முடியல, எட்டிப் பார்க்க முடியல." மச்சானின் குரல் இறங்கியது. "அத்தான், இவர் பக்கவாட்டுக் கதவைப் பார்க்கவே இல்ல."

"எல்லாரும் இந்த நாற்காலி பக்கத்துல நின்னு பார்த்தோம். மூணு நாளா ஒருத்தரும் உக்காரல."

"அப்போ கதவைப் பார்க்காதவர் எதைப் பார்த்தார்?"

இருவரும் பால்கனியைப் பார்த்தார்கள். இறந்தவர் விழுந்த இடம். ஆண்கள் இடுப்புக்கும் குறைவான உயரத்தில் கைப்பிடிச் சுவர். அந்த நேரத்தில் அங்கே கதவு திறந்து, பெரியவரின் மகள் ஈரத் துண்டோடு வெளியே வந்தாள். கணவனை இழந்து நாலு நாள்; விசாரணை முடியும்வரை விடுதியிலேயே இருக்கச் சொல்லியிருந்தது போலீஸ். தலைமுடி ஒரு பக்கமாக அவிழ்ந்து, கோணலாக முடியப்பட்டிருந்தது. துண்டை உதறாமல் இடது கையால் சுவர்மேல் வீசிப் போட்டாள். பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கியது. அதை இழுத்துச் சரிசெய்யவும் இடது கையையே நீட்டினாள். கீழே இருவர் நிற்பதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

"அந்தப் பொண்ணு இடது கைப் பழக்கமா?" என்றார் ரைட்டர்.

"போலீஸ் வாக்குமூலத்துல கையெழுத்துப் போடும்போது பக்கத்துல நின்னேன். வலது கையாலதான் போட்டாங்க. பேனாவைப் பிடிக்கவே சிரமப்பட்டாங்க. அழுகையில கை நடுங்குதுன்னு நெனச்சேன்."

ரைட்டர் படிக்கட்டை நோக்கி நடந்தார். நாற்காலிக்குள்ளிருந்து மச்சானின் குரல் பின்னால் கேட்டது.

"அத்தான், கண்டுபிடிச்சது நல்லாத்தான் இருக்கு. என்னை யார் தூக்கறது?"

*

பெரியவர் அறை அதே பால்கனியை ஒட்டி மாடியில் இருந்தது. அவர் நேரான முதுகுள்ள சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் கடிகாரம், கண்ணாடிக்கூடு, மாத்திரை டப்பா எல்லாம் ஒரு கோட்டில் இருந்தன. மகள் இருவருக்கும் டீ ஊற்றினாள். ஜாடியை இடது கையில் பிடித்ததால் பாதி தட்டில் சிந்தியது.

"உக்காருங்க தம்பி" என்றார் பெரியவர். "இன்னும் என்ன கேக்கணும்?"

"கேக்க ஒண்ணுமில்லைங்க. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இப்பதான் உங்க நாற்காலியில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன்."

பெரியவரின் கை கண்ணாடிக்கூட்டைத் தொட்டு, ஏற்கனவே நேராக இருந்ததை இன்னும் நேராக வைத்தது.

"கழுத்துல துண்டைக் கட்டி இவரையும் உக்கார வச்சேன்" என்றார் ரைட்டர். "கதவு தெரியல. பட்டறை தெரியல. பால்கனி மட்டும் தெரிஞ்சது."

மச்சான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"நான் எத்தனையோ பேர் சொன்னதை எழுதியிருக்கேங்க. பயத்துல பொய் சொல்றவங்க வார்த்தை உளறும். பாசத்துல சொல்றவங்களோடது உளறாது. உங்களோடது உளறல."

"தம்பி, நான் சொன்னது சொன்னதுதான்."

"கீழே ஸ்டேஷன் லாக்கப்ல ஒருத்தர் இருக்கார். நாளைக்கு ஜெயிலுக்கு அனுப்பறாங்க. அவர் உங்களை நல்ல மனுஷன்னு சொல்றார். இப்பவும் சொல்றார்."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். மகள் ஜாடியை மேசையில் வைத்தாள்.

"அப்பாவை விடுங்க. நான்தான் கொன்னேன்."

"பேசாதே" என்றார் பெரியவர். கத்தவில்லை. நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வார்த்தை போலத் தேய்ந்திருந்தது அது. "நான் பார்த்துக்கறேன்னு சொன்னேனில்ல."

"எத்தனை நாள்ப்பா பார்த்துப்பீங்க? அந்தத் தச்சர் அங்க வரவே இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சோறு தின்னேன். நான்தான் சார் கொன்னேன். எழுதிக்கோங்க."

மச்சான் ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் பேனாவை எடுக்கவில்லை.

"எழுதறேன்மா. அதுக்கு முன்னால உங்க வலது கையைத் தலைக்கு மேல தூக்குங்க."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு தூக்கப் பார்த்தாள். கை மார்பு உயரம் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கையைக் கீழே விட்டாள்.

"எப்போலேர்ந்து?"

"திங்கட்கிழமைலேர்ந்து."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டினா எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க."

ரைட்டர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். "தள்ளின கை வலிக்காதும்மா. பிடிச்ச கைதான் வலிக்கும். சட்டைக் கை தோள்பட்டையில பிய்ஞ்சிருக்கு. தள்ளினா அங்க எதுக்குப் பிய்யுது? அவ்வளவு பெரிய ஆளோட பாரம் மொத்தமும் ஒரு கையில தொங்கியிருக்கு. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். மத்தியானம் சண்டை. விடுமுறைக்கு வந்த இடத்திலும் போனை விடமாட்டேன் என்கிறாரே என்று. நாலு மணிக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் கூப்பிட வேண்டியிருந்தது. அறைக்குள் சிக்னல் இல்லை. கைப்பிடிச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து, ஏரிப் பக்கம் சாய்ந்து போனைத் தூக்கிப் பிடித்தார். இறங்குங்க என்று அவள் உள்ளிருந்து இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்ல வந்தபோது அவர் வழுக்கிக்கொண்டிருந்தார்.

"ஓடிப்போய்க் கையைப் பிடிச்சேன். பிடிச்சுட்டேன் சார். என்னைப் பார்த்தார். தோள்ல ஏதோ கழண்ட மாதிரி இருந்துச்சு. சட்டை கிழிஞ்சுது. அப்புறம் மணிக்கட்டு மட்டும் கையில இருந்துச்சு. அதையும்..." அவள் நிறுத்தினாள். "நான் விட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் பிடிச்சிருந்தா யாராவது வந்திருப்பாங்க. நான் விட்டதை அப்பா கீழேயிருந்து பார்த்துட்டார். அதை மறைக்கத்தான் தச்சர்னு சொன்னார். நான் இறங்கி வர்றதுக்குள்ள எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். நான் குளிச்சிட்டிருந்தேன்னும் அவரேதான் சொன்னார்."

பெரியவர் உடம்பை மொத்தமாகத் திருப்பி மகளைப் பார்த்தார். கழுத்து திரும்பாததால் நாற்காலியே கிறீச்சிட்டது.

"நீ தள்ளலையா?"

அவள் நிமிர்ந்தாள்.

"கண்ணசந்திருந்தேன். சத்தம் கேட்டு முழிச்சப்போ எனக்கு உன் கை ரெண்டும்தான் தெரிஞ்சது. சுவருக்கு வெளிய நீட்டினபடி. அவர் கீழே வந்துட்டிருந்தார்" என்றார் பெரியவர். "எழுந்திருக்கப் பார்த்தேன். முடியல. கத்தினேனா இல்லையான்னுகூட எனக்குத் தெரியல. வரும்போது கார்ல நீ சொன்னியேம்மா. ஒருநாள் இல்ல ஒருநாள் இந்த மனுஷனைப் பிடிச்சுத் தள்ளிடப் போறேன்னு."

"கோபத்துல சொன்னதுப்பா. பெட்டியைக்கூட அவர் தூக்க மாட்டேங்கறாரேன்னு."

"எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு."

"நான் தள்ளினேன்னா நாலு நாளா நெனச்சிட்டிருந்தீங்க?"

பெரியவரின் கை மறுபடியும் கண்ணாடிக்கூட்டைத் தேடியது.

"என்கூட உக்காந்து சாப்பிட்டீங்க. மாத்திரை எடுத்துக் கொடுத்தா வாங்கிக்கிட்டீங்க. பேசாதே, நான் பார்த்துக்கறேன்னு சொல்லும்போதெல்லாம் இதைத்தான் சொன்னீங்களா?"

"நீ என்ன செஞ்சிருந்தாலும் நீ என் மகள்மா."

"நான் செய்யலப்பா" என்றாள். அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. பெரியவர் கையை நீட்டினார். அவள் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் மேசைக்கு அந்தப் பக்கமே நின்று அழுதாள். பிறகு வந்து அவர் முழங்காலில் தலையை வைத்தாள். அவருக்குக் குனிந்து பார்க்க முடியாது. கையால் தேடித்தான் அவள் தலையைத் தொட்டார்.

மச்சான் ஆறிப்போன டீயை மேசையில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது ரைட்டரிடம் மெல்லச் சொன்னார். "கீழே குழாய்க்குப் பின்னால செடிக்குள்ள ஏதோ மின்னுது அத்தான். போனாத்தான் இருக்கும். நான் தொடல. போலீஸ் வந்து எடுத்துக்கட்டும்."

*

ரைட்டர் கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுப் போகலாம் என்றார். பெரியவர் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுவிடச் சொன்னார். மகளும் கிளம்பினாள்.

நிலையத்தில் இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். செடிக்குள் கிடந்த போனை எடுத்துவர ஆளை அனுப்பினார். நாலு மணி எட்டு நிமிடத்துக்கு ஒரு அழைப்பு வந்து பாதியில் நின்றிருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த பெண் டாக்டர் தோளைத் தொட்டுப் பார்த்து, நாலு நாளாக எப்படித் தாங்கினீர்கள் என்று கடிந்துகொண்டார். பொய் வாக்குமூலத்துக்காகப் பெரியவர் மீது வழக்கு வரலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னபோது, வரட்டும் என்றார் அவர். நிலைய எழுத்தர் விடுப்பு. புதிய வாக்குமூலத்தை எழுத ஆளில்லை.

"கொடுங்க" என்றார் ரைட்டர்.

பெரியவர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இந்தத் தடவை வார்த்தைகள் உளறின. இரண்டு இடத்தில் நேரம் மாறியது. ரைட்டர் எதையும் திருத்தவில்லை, சொன்னபடியே எழுதினார்.

தச்சரை வெளியே விட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் மனைவி பையிலிருந்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அங்கேயே மரத்தடியில் நின்று பழையதைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டார். மேல் பித்தானை அவள்தான் போட்டுவிட்டாள். படியில் பெரியவர் நிற்பதை அப்போதுதான் பார்த்தார்.

"என்னை மன்னிக்கணும்" என்றார் பெரியவர்.

தச்சர் படிக்குக் கீழே வந்து நின்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் ஐயா. விடுதியில இருபது பேர் வேலை செய்யறோம். ஏன் என்னைச் சொன்னீங்க?"

பெரியவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"மேனேஜர் ஓடிவந்து யாருன்னு கேட்டார். ஏதாவது சொல்லியாகணும். காலையில உங்க சத்தம் கேட்டிருந்தேன். அங்க வேற யாரையும் எனக்குத் தெரியாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தச்சர் தலையாட்டினார். திட்டுவார் என்று மச்சான் எதிர்பார்த்தார். திட்டவில்லை.

"என் பொண்ணு நாலு நாளா பள்ளிக்கூடம் போகல" என்று மட்டும் சொன்னார். பிறகு மனைவியோடு தெருவில் இறங்கி நடந்தார். அவள் பையை அவர் வாங்கிக்கொள்ளப் போனார். அவள் கொடுக்கவில்லை.

ரைட்டர் காருக்குப் போய்க் கதவில் சாய்ந்து நின்றார். மச்சான் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். மகள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். பெரியவர் நகரவில்லை. தச்சரும் அவர் மனைவியும் தெருமுனையில் திரும்பி மறையும் வரை பார்த்தபடியே நின்றார்.

"கிளம்பலாமா அத்தான்?"

"இரு" என்றார் ரைட்டர். "அவர் இன்னும் நிக்கிறார்."